தங்கும் நீரும் தாங்கியும்

தண்ணீருக்கு வயதுண்டா? இவ்வினாவைச் சிறுவர் ஒருவர் கேட்பின் நாம் நகைத்துவிட்டு அப்பாற் செல்வோம். உலகம் தோன்றிய காலந்தொட்டு ஒரே நீர்தான் ஆவியாகி, முகிலாகி, மழையாகி, மீண்டும் கடலை அடைந்து சுழன்று வருகின்றதென்று நாம் பள்ளியிற் கற்றிருக்கின்றோம். அவ்வாறு பார்த்தால் நேற்றுப் பெய்த மழையும் பழைய நீரே ஆகும். அங்ஙனமாயின், பதினைந்து நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் சென்று திரும்பியவர், தாங்கியிலே தங்கியிருந்த நீரை வாயில் வைத்ததும் முகஞ் சுளிப்பது எதனால்?

விடை எளிது. நீர் தானாகக் கெடுவதில்லை. அதனை வைத்திருக்கும் கலமும், அக்கலத்தினுள் நாம் அறியாமலே குடியேறிய சிற்றுயிர்களும் அதனைக் கெடுக்கின்றன. நாள்தோறும் நிரம்பி நாள்தோறும் ஒழியும் தாங்கியில் இக்கேடு மெதுவாகவே நிகழும். வீட்டார் இல்லாத நாட்களில் அது விரைந்து வளரும். ஆகவே, ஒரு பயணத்திற்கும் மறு பயணத்திற்கும் இடையில் நீரை எவ்வாறு வைப்பது என்பதனை இவ்வாரம் ஆராய்வோம். இதனை ஒரு சிறு பொருள் என்று வாசகர் எண்ணிவிடலாகாது. நீர் மலிந்த நாட்டில் இது சிறு பொருள்தான். நன்னீருக்குப் பணங் கொடுக்கும் ஊரிலோ, இது குடும்பத்தின் உடல்நலத்தையும் வரவு செலவையும் ஒருங்கே தொடும் பொருளாகும்.

அத்தகைய ஊர்களுள் ஒன்றாகப் புத்தளம் மாவட்டத்துக் கனமூலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து புத்தளத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள மதுரங்குளியை அடுத்த ஊர் அது. சுற்றிலும் களப்பு நீரும், தென்னந்தோப்பும், இறாற் பண்ணைகளும், உப்பு விளையும் நிலங்களும் நிறைந்த கரையோரப் பகுதி. பார்க்குமிடமெங்கும் நீர் உண்டு. ஆனால் பருகும் நீரைத் தேடவேண்டியிருக்கின்றது.

இதற்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கின்றது. கரையோர மணலில் மழைநீர் இறங்கும்பொழுது, அது கீழேயுள்ள உவர்நீருடன் உடனே கலந்துவிடுவதில்லை. உவர்நீரைவிட எடை குறைந்ததாதலால் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபுறத்தையும் மாணவர் கருதவேண்டும். இறைப்பு மிகுந்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழ முற்படும். கோடையிலே சில கிணறுகள் உவர்ப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே இப்பகுதியில் ஒரு வீட்டில் பல வகை நீரும் இருப்பதுண்டு. குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர். பருகவும் சமைக்கவும் குழாய் நீரோ, பவுசர் வண்டி கொண்டுவரும் நீரோ, விலைக்கு வாங்கிய நீரோ, மழைக்காலத்தில் கூரையிலிருந்து பிடித்த நீரோ. இவற்றை வைத்திருப்பதற்குக் கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் தாங்கி, முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி, அடுக்களையில் குடங்களும் கலன்களும். நீர் வரும் நாளும் நீர் தேவைப்படும் நாளும் ஒன்றாக அமையாத இடத்தில், தாங்கியே குடும்பத்தின் களஞ்சியம் ஆகின்றது.

இனி, அக்களஞ்சியத்தை விட்டு வீட்டார் நெடுநாள் பிரிந்திருக்கும் சந்தர்ப்பங்கள் இக்கரையோரத்தில் மிகப் பல என்பதனையும் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்தபின் அவர்களுள் ஒரு பகுதியினர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்திற்கும் ஏனைய சொந்த ஊர்களுக்கும் திரும்பினர். எனினும் முற்றாகப் பெயர்ந்து செல்ல இயலாதவரும் பலர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, காணி அங்கே; உம்மாவும் வாப்பாவும் அங்கே, தொழில் இங்கே என்று இரு வீடு வைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஒரு வீட்டில் இருக்கும்பொழுது மற்றைய வீட்டின் தாங்கி வாரக்கணக்கில் தீண்டுவாரின்றி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை மீனவர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தங்குவர். உம்றாவுக்குச் செல்வோர் இரு வாரமும், ஹஜ்ஜுக்குச் செல்வோர் ஒரு மாதத்திற்கு மேலும் வீட்டைப் பிரிந்திருப்பர். இவர்கள் யாவரும் திரும்பிவந்து முதலிற் கை வைப்பது தண்ணீர்க் குழாயிலேயே.

பூட்டிய வீட்டின் தாங்கியினுள் அந்நாட்களில் என்ன நிகழ்கின்றது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, காவல் நீங்குகின்றது. குழாய் நீரில் கிருமிகளைத் தடுப்பதற்காகச் சிறிதளவு குளோரின் சேர்க்கப்பட்டிருக்கும். லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவு போன்ற சொற்ப அளவே அது. வெப்பத்தினாலும், வெயிலினாலும், தாங்கிச் சுவரிலுள்ள அழுக்கோடு சேர்வதனாலும் அது நாளுக்கு நாள் குறைந்து, ஈற்றில் இல்லாது போகும். நம் நாட்டு வெயிலில் கூரைமேல் நிற்கும் தாங்கியில் அது நெடுநாள் நிலைப்பதில்லை. பவுசர் நீரிலும் இதே கதைதான். மழைநீருக்கும் கிணற்று நீருக்கும் இக்காவல் தொடக்கத்திலேயே இல்லை.

இரண்டாவது, சுவரில் வழுவழுப்பு ஏறுகின்றது. நெடுநாள் நீர் நின்ற தாங்கியின் உட்சுவரை விரலால் தடவினால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியைத் தொட்டதுபோல் இருக்கும். அது வெறும் அழுக்கன்று. நுண்ணுயிர்கள் கூடித் தம்மைச் சுற்றி அமைத்துக்கொண்ட ஒரு போர்வை. நீரிற் கலந்த மருந்து அப்போர்வையினுள் எளிதிற் புகுவதில்லை. அதனால்தான், தேய்த்துக் கழுவாது மருந்தை மட்டும் ஊற்றினால் நீர் இரண்டொரு நாளிலேயே மீண்டும் நாற்றமெடுக்கின்றது.

மூன்றாவது, ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். பாசிக்கு வேண்டியவை நீரும் வெளிச்சமும் சிறிது உரமும். வெளிச்சத்தை நிறுத்திவிட்டால் பாசி வளராது. தாங்கிகளைக் கறுப்பு நிறத்திலோ, ஒளி புகாத அடுக்குகள் கொண்டோ செய்வது இதற்காகவே. மூடி உடைந்த தாங்கிக்கும், வெள்ளைக் கலனில் முற்றத்து வெயிலில் வைத்த நீருக்கும் இப்பாதுகாப்பு இல்லை.

நான்காவது, நுளம்பு வருகின்றது. டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு சாக்கடையை விரும்புவதில்லை; நம் வீட்டுத் தெளிந்த நீரையே நாடுகின்றது. முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இரு வாரம் வீட்டைப் பூட்டியவர், அதற்குள் ஒரு தலைமுறை நுளம்புக்கு இடங்கொடுத்தவராகலாம். மேலும், அதன் முட்டை நீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும்; நீர் வற்றியபின்னும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நீர் படும்பொழுது பொரிக்கும். எனவே நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, சுவரையும் தேய்க்கவேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு ஐயத்திற்குரிய நோயாளர் 186,101 பேர் பதிவாயினர் என்பதனை நினைவுகூர்ந்தால், பூட்டிய வீட்டின் மூடாத தாங்கி அயலார் அனைவருக்கும் உரிய கவலை என்பது விளங்கும்.

தங்கிய நீரின் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. பாய்க்கப்பல்களின் காலத்தில் மாலுமிகள் மரப் பீப்பாய்களில் நீரை ஏற்றிச் சென்றனர். சில வாரங்களில் அந்நீர் நிறம் மாறி, முட்டை அழுகிய நாற்றம் வீசும். மரத்திலிருந்து கரைந்த பொருளை உண்டு நுண்ணுயிர்கள் பெருகியதே காரணம். 1815ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தானியக் கடற்படை மரப் பீப்பாய்க்குப் பதிலாக இரும்புத் தாங்கிகளை ஏற்றத் தொடங்கியபின், கறள் கலந்தாலும் நாற்றமில்லாத நீரைப் பருகும் பேறு மாலுமிகளுக்குக் கிடைத்தது. கலத்தை மாற்றியதும் நீர் திருந்தியது. நாம் மேலே கூறியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் மேனாடுகளில், படுக்கையும் அடுக்களையும் தண்ணீர்த் தாங்கியும் பொருந்திய வண்டிகளில் குடும்பமாக ஊர் சுற்றுவோர் பலர் உளர். ஒரு பயணம் முடிந்து அடுத்த விடுமுறை வரும்வரை அவ்வண்டி மாதக்கணக்கில் நிற்கும். அதன் தாங்கியில் மிஞ்சிய நீரை என்ன செய்வது என்பது அவர்களுக்குள் என்றும் தீராத விவாதம். பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை இதுதான்: பயணம் முடிந்ததும் தாங்கியையும் குழாய்களையும் ஒழித்து உலரவிடுவது, மறு பயணத்திற்கு முன் குளோரின் கரைசலால் கழுவி, அலசி, புதுநீர் நிரப்புவது. குளிர் நாடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீர் உறையும்பொழுது விரிந்து குழாயைப் பிளந்துவிடும். அத்தொல்லை நமக்கு இல்லை. நமக்குள்ள பகை வெப்பம்.

வெப்பமும் தேக்கமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதனை 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் உலகுக்கு உணர்த்தியது. அங்கு ஒரு விடுதியிற் கூடிய முன்னாட் படைவீரர் பலர் இனந்தெரியாத நுரையீரற் காய்ச்சல் கண்டு மாண்டனர். அடுத்த ஆண்டில் அதற்குரிய கிருமி கண்டறியப்பட்டது. இளஞ்சூடான நீர்த்தொகுதிகளில் வளர்ந்து, நீர்த்துளி மூலம் மூச்சோடு உட்செல்வது அதன் இயல்பு. 2020இல் கொள்ளை நோயின் காரணமாக உலகெங்கும் பள்ளிகளும் விடுதிகளும் மூடப்பட்டபொழுது, மீண்டும் திறக்குமுன் குழாய்களில் தேங்கிய நீரை ஓடவிட்டு வெளியேற்றுங்கள் என்று சுகாதாரத் துறையினர் வற்புறுத்தியதும் இவ்வச்சத்தினாலேயே. நெடுநாள் கழித்து வீடு திரும்புவோர், குழாயையும் குளிக்கும் பீலிக்குழாயையும் திறந்துவிட்டுச் சில நிமிடங்கள் சற்று விலகி நிற்பது நன்று.

எனினும், பிலடெல்பியா வரை சென்று பாடங் கேட்கவேண்டிய தேவை கனமூலைப் பக்கத்தாருக்கு இல்லை. இறாற் பண்ணை வைத்திருப்போர் ஒரு வளர்ப்புக்கும் மறு வளர்ப்புக்கும் இடையே குளத்தை வற்றவைத்து, வெயிலிற் காயவிட்டு, சுண்ணாம்பிட்டுப் பின்னரே புதுநீர் பாய்ச்சுவதனை அவர்கள் கண்ணாரக் காண்கின்றனர். 1990களில் வெண்புள்ளி நோய் வந்து இப்பகுதியின் இறால் வளர்ப்பைப் பெரிதும் அழித்தபின், அவ்வொழுங்கின் அருமை இன்னும் நன்றாக உணரப்பட்டது. பள்ளிவாசலில் வுழூச் செய்யும் ஹவுழையும் அவ்வப்போது இறைத்துத் தேய்த்துக் கழுவுகின்றனர். இறாலுக்குச் செய்யும் உபசாரத்தை நம் பிள்ளைகள் பருகும் நீருக்கும் செய்யவேண்டாமா?

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. ஊற்றிவிடுங்கள் என்று சொல்வது எளிது. பணங் கொடுத்து ஏற்றிய 500 லீற்றர் நீரை மணலிற் கொட்ட எந்த இல்லத்தரசியின் மனந்தான் ஒப்பும்? அயல்வீட்டார் குடத்தோடு பவுசருக்குக் காத்திருக்கும்பொழுது, நாம் நல்ல நீரை வீணாக்குவது அறமும் ஆகாது. ஆகவே தாங்கியை ஒழிக்கும் வேலை புறப்படும் நாளிலன்றி அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கவேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 30 அல்லது 40 லீற்றர் செலவிடுமாயின், புதிதாக ஏற்றுவதனை நிறுத்தி, உள்ளதைக் கணக்கிட்டு ஒழித்துவரலாம். புறப்படும் நாளிலும் மிஞ்சியதை அயல்வீட்டு ராத்தாவுக்குக் கொடுக்கலாம், தென்னங்கன்றுக்கு வார்க்கலாம், வீடு கழுவலாம். திட்டமிட்டால் ஒரு குடம் நீரும் வீணாகாது.

புறப்படும் நாளில் செய்யவேண்டியவை நான்கு. தாங்கியின் அடியிலுள்ள கழிவுத் திருகியைத் திறந்து எஞ்சிய நீரையும் படிந்த மண்டியையும் வெளியேற்றுதல். நீண்ட கைப்பிடித் தூரிகையால் உட்சுவரைத் தேய்த்து அலசுதல். குழாய்களைத் திறந்து அவற்றிலுள்ள நீரையும் வடியவிடுதல். தாங்கி உலர்ந்தபின் மூடியை இறுக மூடி, காற்றுப்போக்கிக்கும் வழிந்தோடும் குழாய்க்கும் நுண்ணிய வலை கட்டுதல். மூடி வைத்தால் போதுமென்று எண்ணி வலையை மறப்பவர் உண்டு. நுளம்புக்கு வழிந்தோடும் குழாயின் வாயே அரசபாட்டை.

திரும்பி வந்தபின் செய்யவேண்டியது தொற்று நீக்கம். கடைகளிற் கிடைக்கும், வாசனை சேராத, நூற்றுக்கு 5 பங்கு வலிமையுள்ள குளோரின் திரவத்தைக் கொண்டு இதனைச் செய்யலாம். நீர் தாராளமாக உள்ளவர்கள் தாங்கியை நிரப்பி, 1,000 லீற்றருக்கு ஒரு லீற்றர் திரவம் என்ற கணக்கில் ஊற்றி, எல்லாக் குழாய்களிலும் மணம் வரும்வரை ஓடவிட்டு, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து ஒழிப்பர். ஆனால் கனமூலை போன்ற இடத்தில் தாங்கி கழுவவே ஒரு தாங்கி நீரைச் செலவிடுவது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 10 லீற்றர் வாளி நீரில் 40 மில்லிலீற்றர் திரவத்தைக் கலந்து, முன்னரே தேய்த்துக் கழுவிய சுவர் முழுவதும் படும்படி தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசி, அரை மணி நேரம் ஈரம் உலராது வைத்திருந்து, பின்னர் நன்னீரால் அலசவேண்டும். வாளியில் எஞ்சியதைக் குழாய்களினூடு ஓடவிடவேண்டும். பெருந் தாங்கிக்கு ஆவது இரண்டு மூன்று வாளி நீரே.

இவ்வேலையில் எச்சரிக்கை வேண்டும். குளோரின் திரவத்தை அமிலங் கலந்த கழிவறைத் திரவத்தோடோ, அமோனியா கலந்ததோடோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயு எழும். கையுறை அணிந்து, காற்றோட்டத்தில் நின்று செய்யவேண்டும். நிலத்தடித் தொட்டிக்குள் எவரும் தனியே இறங்குதல் கூடாது. சிறுவரை இறக்குதல் அறவே ஆகாது. மூடியிருந்த தொட்டியினுள் உயிர்க்காற்றுக் குறைந்திருக்கக்கூடும். கழுவிய நீரைக் கிணற்றடியிலோ, களப்பிலோ, இறாற் குளத்து வாய்க்காலிலோ விடலாகாது. மீனுக்கும் இறாலுக்கும் குளோரின் கொடிய நஞ்சு.

ஒழிக்க முடியாத நீரும் உண்டு. அது மழைநீர். புத்தளப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,100 முதல் 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், ஒரு பகுதி சித்திரை மாதத்தையொட்டியும் விழும். இடைப்பட்ட காலம் நீண்ட வறட்சி. 50 சதுர மீற்றர் கூரையின்மேல் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,250 லீற்றர் நீர் விழும். ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் 1,000 லீற்றர் கைக்கு வரும். மாணவர் தம் வீட்டுக் கூரையை அளந்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இலங்கை அரசு 2005இல் மழைநீர்ச் சேகரிப்புக்கென ஒரு தேசியக் கொள்கையை வகுத்தது. வறண்ட பகுதிகளில் 5,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தாங்கிகள் பல வீடுகளிற் கட்டப்பட்டுள்ளன.

அத்தாங்கியை ஊருக்குப் போகும்பொழுதெல்லாம் ஒழிக்க இயலாது; ஒழிக்கவும் வேண்டாம். அதற்கு வேண்டியவை இருட்டும், இறுகிய மூடியும், வலையும், உள்ளே குப்பை புகாமையுமே. வெளிச்சமும் இரையும் இல்லாத நீரில் நோய்க்கிருமிகள் நாளடைவிற் குறைவதும் உண்டு. வறட்சிக்குப்பின் வரும் முதல் மழை, கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். அதனை உள்ளே விடாது புறத்தே ஓடவிடவேண்டும். கூரைப் பீலியை மழைக்கு முன் துப்புரவாக்கவேண்டும். தாங்கியை ஆண்டுக்கொரு முறை, நீர் அடிமட்டத்திற்கு வந்திருக்கும் வறட்சியின் முடிவில் கழுவினால் இழப்பு மிகச் சொற்பம். நெடுநாள் நின்ற இந்நீரைக் குளிக்கவும் கழுவவும் அப்படியே கொள்ளலாம். பருகுவதாயின், ஒரு நிமிடம் நன்றாகத் தளைக்கக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகவேண்டும். விறகோ எரிவாயுவோ இல்லாத வேளையில், தெளிந்த நீர் லீற்றருக்கு மேற்சொன்ன குளோரின் திரவத்தில் இரண்டு துளி விட்டு, அரை மணி நேரம் வைத்துப் பருகலாம்.

கொதிக்கவைப்பதனால் எல்லாக் குறையும் தீரும் என்றும் எண்ணலாகாது. உவர்ப்பு கொதித்தால் போகாது. நீர் வற்றுவதால் கூடும். தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைத்திரேற்றும் அவ்வாறே. கற்பிட்டிக் குடாநாட்டு மணற்பாங்கான தோட்ட நிலங்களில் இக்குறை ஆய்வாளர்களால் நெடுங்காலமாகச் சுட்டப்பட்டு வருகின்றது. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடானது. ஆகவே தோட்டத்தருகே உள்ள கிணற்று நீரைக் குழந்தையின் பாலுக்குப் பயன்படுத்துமுன் அதனைச் சோதித்தறிவது நன்று. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கும் நம் முன்னோர் முறையும் அத்தகையதே. அது கலங்கலை நீக்கும் நல்ல முறை. ஆயினும் கிருமியை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது. தெளிவு வேறு, தூய்மை வேறு.

கூரைமேலுள்ள தாங்கிக்குச் சொன்னவை, படகிலும் வண்டியிலும் ஏற்றும் கலன்களுக்கும் பொருந்தும். கடலுக்குச் செல்லும் படகின் நீர்க்கலன், யாத்திரை செல்லும் வானின் பின்னாலுள்ள பிளாஸ்டிக் பீப்பாய், தோட்டத்து மாலில் கிடக்கும் கலன் ஆகியவை, பயணம் முடிந்ததும் பாதி நீரோடு ஒரு மூலையில் ஒதுக்கப்படுவது வழக்கம். மறு பயணத்தில் அப்பாதியின் மேலேயே புதுநீர் நிரப்பப்படும். பழைய மோரில் உறையிட்டுப் புதுப்பாலைத் தயிராக்குவது போன்ற செயல் இது. பழையதின் கிருமி புதியதற்கு உறையாகின்றது. ஒழித்து, கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் உலரவிட்டால் இத்தொல்லை இல்லை. எரிபொருளோ பூச்சிமருந்தோ இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குக் கொள்ளலாகாது.

மாணவச் செல்வங்கள் இவ்வுண்மையைத் தாமே காணலாம். ஒரே கிணற்று நீரை இரு கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி, இரண்டையும் மூடியிட்டு, ஒன்றைக் கறுப்புத் துணியால் நன்றாகச் சுற்றி, இரண்டையும் வெயில் படும் சாளரத்தில் மூன்று வாரம் வையுங்கள். பின்னர்த் துணியை நீக்கி ஒப்பிடுங்கள். எப்போத்தலில் பச்சை படர்ந்தது, எதன் சுவர் வழுக்குகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்நீரைச் சுவைத்துப் பார்க்க மட்டும் முற்படாதீர்கள். தாங்கியை ஏன் இருட்டாக வைத்திருக்கவேண்டும் என்பதனைப் பாடநூலின் பத்துப் பக்கத்தைவிட இரு போத்தல்கள் தெளிவாகக் கூறும்.

நன்னீரை அரிதாகப் பெறும் மக்கள் அதனைச் சேர்ப்பதில் மிகுந்த திறமையுடையோர். பவுசர் வரும் மணியும், முகில் கறுக்கும் திசையும் அவர்களுக்குத் தெரியும். சேர்ப்பதில் காட்டும் அக்கறையிற் சிறிதளவை ஒழிப்பதிலும் கழுவுவதிலும் காட்டினால், பட்ட பாடு பயனளிக்கும். வீட்டைப் பூட்டும் நாளில் சன்னலைச் சாத்தினோமா, அடுப்பை அணைத்தோமா, மின்விசையை நிறுத்தினோமா என்று ஒருமுறை பார்ப்பது போல், தாங்கியை ஒழித்தோமா, வலை கட்டினோமா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்குவோமாக. திரும்பி வரும்பொழுது களைத்த பிள்ளை கேட்கும் முதற் குவளை நீரை அஞ்சாது கொடுக்கலாம்.